லேபிளில் விடுபட்ட பெயர்கள்: ஜாஸின் பால்புதுமை வரலாற்றைக் கேட்பது எப்படி

ஜாஸ் குழுத் தலைவர் ட்யூக் எலிங்டன் என்றதும் பலருக்கும் முதலில் காதில் ஒலிப்பது 'டேக் தி ஏ ட்ரெயின்'. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவர் குழுவின் அடையாள இசை அதுதான். அதை எழுதியவர் எலிங்டன் இல்லை, பில்லி ஸ்ட்ரேஹார்ன். கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பாளர். 1940களின் நியூயார்க்கில் அதை ஒளிக்காமல் வாழ்ந்தவர். ஏறக்குறைய முப்பது வருடங்கள் எலிங்டன் குழுவுக்காக எழுதிக் குவித்தவர். கேட்ட ரசிகர்களில் பெரும்பாலோருக்கு அவர் முகமே தெரியாது.

ஜாஸில் பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்) யார் யார் என்று பெயர்ப் பட்டியல் போடுவது எளிது. பட்டியலைப் படித்தால் யார் யாரோடு வாழ்ந்தார்கள் என்பது தெரியும், இசை காதில் விழாது. இந்த வரலாற்றை ரெக்கார்டுகள் வழியாகவே பின்தொடரலாம். அதற்கு ஒவ்வொரு தட்டிலும் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: பதிவான தேதி, லேபிளில் யார் பெயர், அந்த வருடம் சட்டம் என்ன சொன்னது. மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் பாட்டில் எது வெளிப்படையாக இருக்கிறது, எது மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று புரியும்.

தேடல் தொடங்கும் இடத்திலேயே ஒரு வெற்றிடம். நியூ ஆர்லியன்ஸின் டோனி ஜாக்சன், ஜாஸ் முன்னோடி ஜெல்லி ரோல் மார்ட்டனே தன்னைவிடப் பெரிய கலைஞர் என்று ஒப்புக்கொண்ட பியானோக்காரர். மார்ட்டன் அப்படி எளிதில் ஒப்புக்கொள்கிற ஆள் கிடையாது. ஜாக்சன் தன்பாலீர்ப்பாளர் என்பது ஊரறிந்த விஷயம். பிறகு சிகாகோவுக்குப் போய் 1921இல் இறந்தார். ஒரு ரெக்கார்டுகூட அவர் பெயரில் இல்லை. 1916இல் அச்சான 'ப்ரெட்டி பேபி' பாட்டில் அவர் பெயர் இருக்கிறது, ஆனால் வேறு இருவர் பெயரோடு. அவர் வாசிப்பு எப்படி இருந்தது என்று அறிய இருக்கும் நல்ல வழி, 1938இல் நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பதிவு செய்த மார்ட்டனின் நீண்ட பேட்டி. அதில் மார்ட்டன் ஜாக்சனைப் பற்றிப் பேசுகிறார், அவரைப் போல வாசித்தும் காட்டுகிறார். இன்னொருவர் விரல்கள் வழியாகத்தான் ஜாக்சன் நம்மை வந்தடைகிறார்.

அடுத்து 1928. ப்ளூஸ் பாடகி மா ரெய்னியின் 'ப்ரூவ் இட் ஆன் மி ப்ளூஸ்', பாரமவுண்ட் வெளியீடு. இதில் மறைபொருள் எதுவும் இல்லை. தோழிகளோடு வெளியே போனேன், ஆண்கள் எனக்குப் பிடிக்காது, காலரும் டையும் போடுகிறேன், முடிந்தால் யாராவது நிரூபித்துக் காட்டுங்கள் என்று பாடுகிறார். கம்பெனி போட்ட விளம்பரப் படம் இன்னும் வெளிப்படை. தொப்பியும் கோட்டும் டையும் அணிந்த ஒரு பெண் தெருமுனையில் இரண்டு பெண்களோடு பேசிக்கொண்டிருக்கிறார், தள்ளி நின்று ஒரு போலீஸ்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் போலீஸ்காரரைக் கவனியுங்கள். தட்டை விற்க நினைத்தவர்களுக்கு, வாங்குகிறவர்களுக்கு இந்த ஆபத்து தெரியும் என்பதும் தெரிந்திருந்தது.

இந்தத் தட்டில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பாரமவுண்ட், விஸ்கான்சினில் நாற்காலி செய்யும் ஒரு கம்பெனியின் துணைத் தொழில். மலிவான மூலப்பொருளில் தட்டு அச்சடித்தார்கள், மூல அச்சுகளும் பின்னாளில் பழைய உலோகமாகப் போயின. அதனால் இன்று கிடைப்பதெல்லாம் தேய்ந்த தட்டுகளிலிருந்து எடுத்தவை. இரைச்சலை முழுக்கத் துடைத்த பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் ரெய்னியின் குரலில் இருக்கும் கனமும் சேர்ந்து துடைக்கப்பட்டிருக்கும். கரகரப்போடு இருக்கும் பதிப்பையே எடுங்கள். ஹெட்ஃபோனில், பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை வார்த்தைகள் பிடிபடாது. பின்னணியில் இருப்பது ஜக் (ஜாடி), வாஷ்போர்டு (துணி துவைக்கும் பலகை) ஆகியவற்றையே வாத்தியமாக வைத்த தெருப் பாணிக் குழு. அவ்வளவு கனமான வரிகளுக்கு அடியில் ஓடுவது ஒரு கொண்டாட்டத் தாளம் என்பதைத் தவறவிடக் கூடாது.

நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் பாடகி கிளாடிஸ் பென்ட்லி விஷயத்தில் சிக்கல் நேர்மாறானது. வெள்ளை டக்ஸீடோ, உயரத் தொப்பி, பெருத்த உடம்பு, இடிக்கிற இடக்கை பியானோ. 133ஆம் தெருவில் ஹேரி ஹான்ஸ்பெரியின் க்ளாம் ஹவுஸில் இரவெல்லாம் வாசிப்பார். அன்றைய பிரபலப் பாட்டுகளுக்குப் பச்சையான வரிகளைப் போட்டுப் பாடுவார், கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்துக் கொஞ்சுவார். ஆனால் 1928-29இல் ஓகே (OKeh) ரெக்கார்டு கம்பெனிக்கு அவர் கொடுத்த எட்டுப் பாட்டுகளில் அது எதுவும் இல்லை. ஆணால் ஏமாற்றப்பட்ட பெண் புலம்பும் வழக்கமான ப்ளூஸ்தான். அதைக் கேட்டு "இவ்வளவுதானா" என்று நினைப்பவர்கள் உண்டு. தட்டில் ஏறியது கம்பெனி அனுமதித்தது மட்டுமே. அவர் உண்மையில் செய்துகொண்டிருந்தது கிளப் சுவர்களுக்குள்ளேயே முடிந்துபோனது. தட்டில் எஞ்சியிருப்பதில் தேட வேண்டியது ஒன்று: வார்த்தைகளை விட்டுவிட்டு ட்ரம்பெட் மாதிரி குரலால் ஊதுகிற இடங்கள். அந்த அட்டகாசத்தில் க்ளாம் ஹவுஸ் கொஞ்சம் தெரியும்.

கேட்க வந்தவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மதுவிலக்குக் காலத்தில் எல்லா மதுக்கூடமும் சட்டவிரோதம்தான். அதனால் தன்பாலீர்ப்பாளர் வரும் இடம் என்று ஒன்றைத் தனியாகப் பிரித்து மூட வேண்டிய தேவை குறைவாக இருந்தது. வாடகைக்குப் பணம் சேர்க்க வீட்டிலேயே நடத்தும் பார்ட்டிகள், ஆண்டுதோறும் நடந்த ஹாமில்டன் லாட்ஜ் நடன விழா என்று ஹார்லெமில் இடங்கள் இருந்தன. அந்த விழாவில் பெண் உடையில் வரும் ஆண்களின் அணிவகுப்பைப் பார்க்கக் கறுப்பரும் வெள்ளையருமாக ஆயிரக்கணக்கில் கூடினார்கள். இசை, கறுப்பினக் குழுக்கள் வாசித்த நடன இசை.

1933இல் மதுவிலக்கு முடிந்ததும் நிலைமை இறுகியது. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். மது சட்டபூர்வமானது, கூடவே உரிமமும் வந்தது. நியூயார்க் மாநில மது ஆணையம், 'ஒழுங்கற்ற' இடம் என்று கருதினால் உரிமத்தைப் பறிக்கலாம். தன்பாலீர்ப்பாளர்கள் கூடுவதே ஒழுங்கீனம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒரு வாடிக்கையாளருக்காக முழுக் கடையையும் பணயம் வைக்க எந்த முதலாளியும் தயாராக இல்லை. 1940 முதல் கிளப்பில் வாசிக்கிறவர்களுக்கும் போலீஸ் கொடுக்கும் காபரே அட்டை கட்டாயமானது. கைது விவரம் இருந்தால் அட்டை மறுக்கப்படலாம், அட்டை இல்லாவிட்டால் நகரத்தில் மது விற்கும் கிளப்பில் வேலை கிடையாது. பாடகி பில்லி ஹாலிடேயும் பியானோக்காரர் தெலோனியஸ் மங்க்கும் போதைப்பொருள் வழக்குகளால் அட்டையை இழந்த கதை பிரசித்தம். கைதே வேலைக்கு உலை வைக்கும் என்ற நிலையில், தன்பாலீர்ப்பு குற்றமாக இருந்த நகரத்தில், ஒரு இசைக்கலைஞர் எவ்வளவு வாயை மூடியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அட்டை முறை 1967 வரை நீடித்தது.

பென்ட்லி கலிஃபோர்னியாவுக்குப் போனார், சான் பிரான்சிஸ்கோவின் மோனாஸ் கிளப்பில் வாசித்தார். 1952இல், கம்யூனிஸ்ட் வேட்டையும் தன்பாலீர்ப்பாளர் வேட்டையும் உச்சத்தில் இருந்தபோது, எபனி பத்திரிகையில் தான் சிகிச்சை பெற்று மீண்டும் பெண்ணாகிவிட்டதாக எழுதினார். கவுன் அணிந்து சமையலறையில் நிற்கும் படங்களோடு வந்தது அந்தக் கட்டுரை. அதை வைத்து அவரைக் கோழை என்று சொல்வது அநியாயம். பாடிப் பிழைக்க வேண்டிய, நாற்பதைக் கடந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் முன் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இனி ஸ்ட்ரேஹார்ன்.

1915இல் டேடனில் பிறந்து பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர். 1938 டிசம்பரில் ஸ்டான்லி தியேட்டரின் மேடைக்குப் பின்னால் எலிங்டனைச் சந்தித்தார். பியானோவில் உட்கார்ந்து 'சஃபிஸ்டிகேட்டட் லேடி'யை எலிங்டன் சற்று முன் மேடையில் வாசித்தபடியே வாசித்தாராம். பிறகு, "நானாக இருந்தால் இப்படி வாசிப்பேன்" என்று அதையே வேறு சுருதியில், வேறு கார்டுகளோடு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுவரக் கூட்டுகள்) வாசித்தாராம். சில வாரங்களில் குழுவுக்கு எழுதத் தொடங்கிவிட்டார். நியூயார்க்கில் ஏரன் பிரிட்ஜர்ஸ் என்ற பியானோக்காரரோடு ஒரே வீட்டில், இணையராக, 1940களின் இறுதியில் பிரிட்ஜர்ஸ் பாரிஸுக்குப் போகும்வரை வாழ்ந்தார். எலிங்டன் குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

ஏற்பாடு எளிமையானது, பயங்கரமானதும்கூட. வீட்டு வாடகை, உடை, பயணம் எல்லாவற்றையும் எலிங்டன் பார்த்துக்கொண்டார். ஸ்ட்ரேஹார்ன் மேடைக்கு வர வேண்டியதில்லை, கிளப் கிளப்பாக வேலை தேட வேண்டியதில்லை, பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. சொந்தக் குழு நடத்தும் ஒரு பிரபலத்துக்கு அப்படி வாழ முடிந்திருக்காது. விலையாகப் போனது பெயர். நிழல் அவருக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது, அவர் பெயரையும் மூடியது. எலிங்டன் நல்லவரா கெட்டவரா என்று விவாதிப்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்.

'ஏ ட்ரெயின்' ரெக்கார்டான வரலாறே ஒரு கட்டணத் தகராறில் தொடங்குகிறது. 1941 ஜனவரி முதல் அமெரிக்க வானொலி நிலையங்கள், ஆஸ்காப் என்ற இசையமைப்பாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் எழுதிய எதையும் ஒலிபரப்பவில்லை, சங்கம் கேட்ட கட்டணம் அதிகம் என்று. எலிங்டன் உறுப்பினர். தன் சொந்தப் பாட்டுகளைத் தன் குழுவே வானொலியில் வாசிக்க முடியாது. ஸ்ட்ரேஹார்னும் எலிங்டனின் மகன் மெர்சரும் உறுப்பினர்கள் இல்லை. அவசர அவசரமாக இருவரும் புதிய பாட்டுகளை எழுத வேண்டியதாயிற்று. இந்தக் கட்டணத் தகராறு வராமல் இருந்திருந்தால், அந்த லேபிளில் ஸ்ட்ரேஹார்ன் பெயர் தனியாக வந்திருக்குமா என்பது சந்தேகம்.

கேட்க வேண்டியது 1941 பிப்ரவரி 15ஆம் தேதி விக்டர் பதிவு. செயலிகளில் தேடினால் பிற்காலக் கச்சேரிப் பதிவுகள்தான் முதலில் வரும். அவை வேகமானவை, ஆரம்பத்தில் எலிங்டன் நீளமாகப் பியானோ வாசிப்பார், எழுத்தின் உருவம் தெரியாது. மூன்று நிமிடத்துக்குள் முடிகிறதா என்று பாருங்கள். நான்கு பார் (தாள ஆவர்த்தம்) பியானோ முன்னோட்டம், அது முழுக்க சம இடைவெளியில் நகரும் முழுச்சுவர வரிசை. பிறகு சாக்ஸஃபோன்கள் மெட்டைத் தொடங்கும். மெட்டின் மூன்றாவது பாரில் காதை வையுங்கள். சி மேஜர் சுருதியில் பஞ்சமத்திலிருந்து கிளம்பிய மெட்டு, சுத்த தைவதத்தில் போய் நிற்கும். அந்த மேஜருக்குள் இல்லாத சுவரம். அடியில் இருக்கும் கார்டும் அதற்கேற்பக் கோணலாகும். அந்தக் கோணல்தான் பாட்டின் முகம். அதை நேராக்கி வாசித்துப் பாருங்கள், சாதாரண ஸ்விங் மெட்டு மட்டும் மிஞ்சும். ரே நான்ஸின் ட்ரம்பெட் முதலில் அடைப்பு வைத்து மெல்லிய குரலில் வரும். சிறு இடைப்பகுதிக்குப் பிறகு சுருதி ஈ ஃப்ளாட்டுக்கு ஏறும், ட்ரம்பெட் அடைப்பைக் கழற்றிவிட்டு வரும்.

'லஷ் லைஃப்' வேறு கதை. எலிங்டனைச் சந்திப்பதற்கு முன்பே, பதின்பருவத்தில் தொடங்கி இருபதுகளின் தொடக்கத்தில் முடித்தது. வரிகளும் அவருடையவே. இதைப் பாடகர்கள் கெடுக்கும் இடம் எப்போதும் ஒன்றுதான், முதல் பகுதி. டி ஃப்ளாட் கார்டுக்கும் அதற்கு ஒரு முழுச்சுவரம் கீழே உள்ள கார்டுக்கும் இடையில் இசை ஊசலாடிக்கொண்டே இருக்கும், பேச்சு மாதிரி. அந்தப் பகுதி நீளமானது, பாட்டில் திரும்ப வருவதும் இல்லை. முன்னுரை என்று நினைத்து அவசரமாகக் கடந்தால் பாட்டே போச்சு. நாட் கிங் கோலின் 1949 பதிவில் சுற்றி எழுப்பிய வாத்திய அலங்காரம் ஸ்ட்ரேஹார்னுக்குப் பிடிக்கவில்லை. 1963இல் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு ஜானி ஹார்ட்மன் பாடியது பெரும்பாலோர் விரும்புவது, தொடங்க நல்ல இடம். பிறகு 1964இல் ஸ்ட்ரேஹார்னே பியானோ வாசித்துப் பாடிய பதிவுக்கு வாருங்கள். குரல் சிறியது, பாடகர் குரலே இல்லை. வரிகள் யாருடையவை என்று அதைக் கேட்ட பிறகு கேள்வி எழாது.

எலிங்டன் எழுதியது எது, ஸ்ட்ரேஹார்ன் எழுதியது எது? இருவரும் சேர்ந்தே எழுதினார்கள், பிரிக்க முடியாது என்றே பல வருடம் சொல்லிவந்தார்கள். 1988இல் எலிங்டன் குழுவின் காகிதங்கள் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு வந்த பிறகு அது மாறியது. வால்டர் வான் டி லூர் என்ற டச்சு ஆய்வாளர், கையெழுத்தை வைத்துத் தாள் தாளாகப் பிரித்தார். எலிங்டன் பெயரில் இருந்த பலவற்றின் உள்பகுதிகளும், யார் பெயரிலும் வெளிவராத ஏராளமான இசையும் ஸ்ட்ரேஹார்னின் கையெழுத்தில் இருந்தன. சேர்ந்து எழுதியது உண்மை. ஆனால் பெரும்பாலும் ஒரு தொகுப்புக்குள் இந்தப் பகுதி இவர், அந்தப் பகுதி அவர் என்ற அளவில்தான். காதால் பழகிக்கொள்ள ஒரு வழி: எலிங்டன் எதிரெதிர் நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெட்டி வெட்டிப் போவார். ஸ்ட்ரேஹார்ன் ஒரு சின்னக் கருவை எடுத்து, இணைப்புப் பகுதிகளையும் அதிலேயே நெய்துகொண்டு போவார். 'செல்சீ பிரிட்ஜ்' 1941 பதிவை எலிங்டனின் 'கோ-கோ'வோடு அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் பிடிபடும்.

தலைப்பை நம்பி ஏமாறவும் வாய்ப்பு உண்டு. 1963இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய சுற்றுப்பயணத்தில் குழு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது, ஸ்ட்ரேஹார்னும் வந்தார். அதிலிருந்து பிறந்தது 'ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்'. டெல்லியில் அவர் கேட்ட மைனாவின் கூவல்தான் அதில் ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட்டாக வருகிறது. ஆனால் அதிலேயே மிக அழகான 'இஸ்ஃபஹான்' ஈரானில் பிறந்ததில்லை. பயணத்துக்கு முன்பே வேறு பெயரில் எழுதப்பட்டது. ஜானி ஹாட்ஜஸின் ஆல்டோ சாக்ஸஃபோனில் பாரசீக மண்ணின் வாசனையைத் தேடி எழுதப்பட்ட விமர்சனங்களை இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அவர் பெயரில் தனியாக வந்த ஆல்பம் வேண்டுமென்றால் 'தி பீஸ்ஃபுல் சைட்', 1961இல் பாரிஸில் பதிவானது. பியானோ, சில இடங்களில் நால்வர் தந்தி வாத்தியக் குழு, சில இடங்களில் குரல்கள். தன் பாட்டுகளை மிக மெதுவாக வாசிக்கிறார். எலிங்டன் குழுவின் ஓசைக்குப் பழகிய காதுக்கு முதலில் ஏதோ குறைவது போலிருக்கும். பித்தளை வாத்தியங்கள் போனபின் கார்டுகள் அம்மணமாகத் தெரிகின்றன, அதற்காகவே கேட்க வேண்டும்.

1967 மே 31 அன்று உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்தார், வயது 51. இணையர் பில் க்ரோவ் உடனிருந்தார். மருத்துவமனையிலிருந்து கடைசியாக எழுதி அனுப்பிய 'ப்ளட் கவுன்ட்', எலிங்டன் அந்த ஆண்டே பதிவு செய்த அஞ்சலி ஆல்பத்தில் இருக்கிறது. ஹாட்ஜஸ் அதை வாசிக்கும்போது வழக்கமான இழைப்பு திடீரென்று அலறலாக உயரும் இடத்தைக் கேளுங்கள். அதே ஆல்பத்தில், பதிவு முடிந்து எல்லோரும் வாத்தியங்களை மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது எலிங்டன் தனியாக 'லோட்டஸ் ப்ளாசம்' வாசிக்கத் தொடங்குகிறார். பேச்சுச் சத்தம் பின்னணியில் அப்படியே பதிவாகியிருக்கிறது, மெல்ல அடங்குகிறது. பிற்காலச் சிடிகளில் மூவர் வாசிக்கும் இன்னொரு பதிவும் இதே பெயரில் இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பில்லி டிப்டன் பற்றியும் சொல்ல வேண்டும், அவரைப் பற்றிப் பெரும்பாலும் தவறாகவே எழுதப்படுவதால். ஓக்லஹோமாவில் 1914இல் பிறந்து, 1930களிலிருந்து சாகும்வரை ஆணாகவே வாழ்ந்த பியானோ, சாக்ஸஃபோன் கலைஞர். 1957இல் அவரது மூவர் குழு டாப்ஸ் என்ற மலிவு விலை லேபிளுக்கு இரண்டு ஆல்பங்கள் கொடுத்தது. 1989இல் ஸ்போகேனில் இறந்தபோதுதான் பிறப்புப் பாலினம் வெளியே வந்தது. ஜாஸில் பெண்களுக்கு இடமில்லாததால் போட்ட வேஷம் என்று எழுதிவிட்டார்கள். வேலைக்காக மட்டும் என்றால், மேடையைவிட்டு விலகி இசைக்கலைஞர்களுக்கு ஏஜென்டாக இருந்த கடைசிக் காலத்திலும், மனைவியும் தத்தெடுத்த மகன்களும் இருந்த வீட்டுக்குள்ளும் அந்த வாழ்க்கையைத் தொடர்ந்திருக்கத் தேவையில்லை. திருநம்பி என்ற சொல் இன்று நம்மிடம் இருக்கிறது, 'அவள்' என்று எழுதுவதை நிறுத்தலாம். இசை? பியானோக்காரர் டெடி வில்சன் வழியில் சுத்தமான, நடனத்துக்கு ஏற்ற ஸ்விங். புரட்சி எதுவும் இல்லை, நன்றாக வாசிக்கிறார்.

நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் சோதனையை எதிர்த்துப் பால்புதுமையர் திரண்ட ஸ்டோன்வால் கலவரம் 1969இல் நடந்தும் ஜாஸ் அசைய வெகுகாலம் ஆயிற்று. பியானோக்காரர் ஃப்ரெட் ஹெர்ஷ் தான் தன்பாலீர்ப்பாளர் என்பதையும் எச்ஐவியோடு வாழ்வதையும் வெளிப்படையாகச் சொன்னது 1993இல். மூன்று வருடம் கழித்து ஸ்ட்ரேஹார்ன் பாட்டுகளை மட்டும் வைத்து 'பேஷன் ஃப்ளவர்' என்று ஒரு ஆல்பம் செய்தார். ஸ்ட்ரேஹார்னின் 'பீஸ்ஃபுல் சைட்' பதிவையும் ஹெர்ஷ் பதிவையும் பாட்டு பாட்டாக மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். இன்று பால்புதுமையராக வெளிப்படையாக வாழும் பாடகியும் பேஸ் கலைஞருமான மெஷெல் என்டேகேயோசெல்லோ போன்றவர்கள் வாங்கும் கிராமி விருதுகளுக்கும் க்ளாம் ஹவுஸுக்கும் இடையே உள்ள தூரம் சிறியதல்ல.

வான் டி லூர் தாள்களிலிருந்து மீட்ட, ஸ்ட்ரேஹார்ன் உயிரோடு இருந்தபோது ரெக்கார்டாகாத இசையை டச்சு ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா 1990களில் தொடங்கிப் பல சிடிகளாகப் பதிவு செய்தது. பழைய தட்டின் கரகரப்பு இல்லாததால், புதிதாகக் கேட்கிறவர்கள் இதிலிருந்துகூடத் தொடங்கலாம். ஸ்ட்ரேஹார்ன் குடும்பம் வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகள் 2018இல் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மார்ட்டன் டோனி ஜாக்சனைப் பற்றிப் பேசிய ஒலிப்பதிவுகள் இருப்பதும் அங்கேயேதான்.